அக்கா போட்ட சண்டை

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளுக்கு நன்றாகவே வரும். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு வராமல் போகுமா? போர்வை கையிருப்பில் இல்லை என்று ஸ்டோர்காரர் கையை விரித்தால், ஆபரேஷன் தியேட்டருக்கு வேண்டும் என்று அடித்துச் சொல்லி இரண்டை வாங்கி வருவாள். பொது வார்டில் நடுங்கிக்கொண்டு கிடக்கிற யாராவது ஒருவர் மேல் அதைப் போர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி துணி மடிக்கப் போய்விடுவாள். கேட்டால், "கேக்குறவனுக்கு ஒரு பதில் வேணும், குளிருறவனுக்கு ஒரு போர்வை வேணும். ரெண்டும் குடுத்தாச்சுல்ல" என்பாள். இப்படிப் பொய்யிலேயே புழங்கியவள் ஒரே ஒரு பொய்யில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

கல்யாணமாகி அவள் போன வீட்டில் மாமியார் இல்லை. மாமனார் படுத்த படுக்கை, கொஞ்ச வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தான் பம்பு மோட்டார் மெக்கானிக். காலையில் போனால் கிரீஸும் கையுமாகப் பொழுது சாய்ந்துதான் வருவார். அத்தானுக்கு ஒரு தம்பி, அப்போது அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குத் தலை வாரிவிட்டு, ஃபெயிலானபோது அண்ணனிடம் அடி வாங்காமல் காப்பாற்றி, பெயிண்ட் கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்த்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தது வரைக்கும் எல்லாம் அக்காதான். வந்த ஓரகத்தியைச் சின்னவள் என்று கூப்பிடுவோம். சின்னவளுக்கு வாயே கிடையாது. "சரிக்கா" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிட்டாள். அவளுக்கு ஏதாவது பிடிக்குமா, பிடிக்காதா என்று எனக்கே தெரியாது. யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. சின்னவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்த கையோடு சின்னவள் காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அதனால் குழந்தை அக்காவின் கைக்கு வந்தது. காய்ச்சல் போன பிறகும் கை மாறவில்லை. பகலெல்லாம் சரியான வாலு, அதனால் பெயரும் வாலு என்றே ஆகிவிட்டது. ராத்திரியில் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்த வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே உலை. எல்லாருக்கும் அக்காதான் பரிமாறுவாள். நான் போனால் பொறாமைப்பட்டுக்கொண்டே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வருவேன், ஏனென்றால் என் வீட்டில் இருப்பது நானும் என் தையல் மிஷினும் மட்டும்தான்.

மழையும் காற்றும் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதற்கு ஜன்னலைக் கட்டி, அரிசியைப் பரணில் ஏற்றி, எல்லாரும் தயாராகத்தான் இருந்தோம். சுழல்காற்று வரும் என்று யாரும் சொல்லவில்லை. மத்தியானம் மழை சட்டென்று நின்றது. வானம் ஒரு மாதிரி பச்சையாக இருந்தது. பிறகு ஒரு சத்தம். லாரி மாதிரி இருந்தது, ரயில் மாதிரி இருந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அது ஒரு பெரிய மிருகம் மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது. என் தெருவில் ஓடுகளோடு விட்டுவிட்டது. அக்காவின் தெருவுக்குள் புகுந்து வீடுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது.

அவர்கள் வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் கான்கிரீட் கூரை. ஐந்து பேரும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். அக்கா வாலுவைக் கீழே போட்டு அவள்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். காற்று போன பிறகு கதவைத் திறந்து பார்த்தால் அந்தக் குளியலறையைத் தவிர வீடு என்று எதுவும் இல்லை. சமையலறை இருந்த இடத்தில் யாருடையதோ ஒரு சைக்கிள் கிடந்தது. நான் ஓடிப் போனபோது அக்கா செங்கல் குவியலின்மேல் உட்கார்ந்து வாலுவின் தலைமுடியிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் இருக்கோம்டி" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்புக்கு நாலு குடும்பம். அக்கா வந்த உடனே போர்வைகளை எண்ணி மடித்துப் பங்கு போட ஆரம்பித்துவிட்டாள். முகாம் பொறுப்பாளர் அவளை அரசாங்கம் அனுப்பிய ஆள் என்றே நினைத்துக்கொண்டார். பிறகு இன்ஜினியர்கள் வந்தார்கள், இடிந்த வீடுகளில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். முழுசாகப் போனவர்களுக்கு அரசாங்கமே வீடு கட்டித் தரும் என்ற செய்தி வந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. முகாமே அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் விதி தெரிந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு. குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்காவின் எதிர்வீட்டு அண்ணன் தம்பி ஒரு தென்னை மரத்துக்காக அடித்துக்கொண்டு, வீட்டுக்கு நடுவே சுவர் வைத்து, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமல் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இரண்டு வீடு. வாய் வார்த்தை தடிக்காமல் ஒன்றாக இருந்த என் அக்கா வீட்டுக்கு ஒன்று. ஒற்றுமையாக இருந்ததற்கு அபராதம் போடுகிற சட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓர் அறையில் இரண்டு தம்பதிகளும் ஒரு வளர்கிற பெண்ணும் எப்படிப் படுப்பார்கள்? பேசாமல் ஒருத்தர் வெளியே போக வேண்டியதுதான், வாடகைக்கு, ஊருக்கு வெளியே எங்கேயாவது.

"யாரும் எங்கேயும் போக வேணாம்" என்றாள் அக்கா. "ரெண்டு அடுப்புன்னு எழுதிக் குடுப்போம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வீடு வாங்குவோம். அப்புறம் நடுச்சுவரை இடிச்சுட்டா அது யார் வீடு? நம்ம வீடு. பழையபடி ஒரே சமையல்."

"அக்கா, விசாரிப்பாங்களே" என்றாள் சின்னவள்.

"விசாரிக்கட்டும். நாம பிரிஞ்சுட்டோம், நமக்குள்ள ஆகலை."

"நம்பணுமே."

"நம்ப வைப்போம். நான் கத்துறேன், நீயும் கத்து."

"எனக்குச் சண்டை போட வராதுக்கா."

"எல்லாப் பொம்பளைக்கும் வரும். வாயைத் திற, தானா வரும். ஆனா ஒண்ணு, சிரிச்சுத் தொலைச்சுடாத!" என்று அவள் தோளில் ஒரு அடி போட்டாள். சின்னவள் அப்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வாலுவிடம் அது விளையாட்டுச் சண்டை, பயப்படக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள்.

நிவாரண அலுவலகம் தாலுகா ஆபீஸின் பின்பக்க ஷெட்டில் இருந்தது. என் ஓட்டுக்கூரைக்கு மனு கொடுக்க நானும் அன்றைக்கு அதே வரிசையில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் சின்ன வயது அதிகாரி அம்மா ஒருத்தர். கண்ணெல்லாம் சிவந்து, அவரும் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது. பாவம், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் முறை வந்ததும் கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒரே குடும்பம்னுதானே தெருவுல சொல்லியிருக்காங்க?" என்றார்.

"யாரு சொன்னா? இவளோட ஒரே குடும்பமா?" என்று அக்கா குரலை உயர்த்தினாள். ஆஸ்பத்திரியில் ஸ்டோர்காரரிடம் காட்டுகிற அதே குரல். "ஒரு உலை வைக்கத் தெரியாது, சோத்தைக் குழைச்சுப்புடுவா. இவகூட எவளாவது ஒண்ணா சமைப்பாளா?"

சின்னவள் திருதிருவென்று விழித்தாள். "ஆமா... நீங்க மட்டும் என்னவாம்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிகாரி அம்மா பேனாவை மூடினார். நம்பவில்லை.

காரியம் கெட்டுப் போகப் போகிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிற மாதிரி வீசினாள்.

"இவளுக்குப் பெத்த பிள்ளையையே பாத்துக்கத் தெரியாதுங்க. என் கையில வளந்த பிள்ளை அது. அதுக்குச் சளி பிடிச்சாக்கூட இவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும்!"

சின்னவளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை, அவள் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதா?" என்றாள் சின்னவள். மெதுவாகத்தான் கேட்டாள். "தெரிஞ்சுக்க விட்டீங்களா?"

"என்னடி விடலை?"

"ராத்திரி அது அழுதா நான் எழுந்து வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவீங்க. பால் கட்டிக்கிட்டு வலியில கிடந்தேன், ஒரு தடவை எம் பக்கத்துல கொண்டாந்து போட்டீங்களா? முதல் முதல்ல அது அம்மான்னு கூப்பிடலை. உங்களைத்தான் கூப்பிட்டுச்சு. எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன்." அவள் குரல் இப்போது ஷெட் முழுக்கக் கேட்டது. "காத்து அடிச்சப்போ செத்துடுவோம்னுதானே எல்லாரும் நினைச்சோம்? அப்பக்கூட பிள்ளைய நீங்கதான் அணைச்சுக்கிட்டீங்க. எனக்கு அதோட கால்தான் கிடைச்சுது. காலைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன்."

இந்த இடத்தில் அக்கா நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எது நடிப்பு, எது நிஜம் என்று அவளுக்கே பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். அவளுக்கும் பட்டுவிட்டது. பட்ட இடத்திலிருந்து பேசினாள்.

"பெத்துட்டாப் போதுமாடி? வளக்க வேணாம்?"

"வளத்துட்டா மட்டும் போதுமா? பெறாதவங்களுக்கு அது எங்க தெரியும்" என்றாள் சின்னவள்.

வாலு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தாள். விளையாட்டுச் சண்டை என்று சொன்னதை நம்பி அதுவரை சிரித்த முகமாக நின்றவள், அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்க இரண்டு பேரும் குனிந்தார்கள். அக்கா பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். அதிகாரி அம்மா தலை நிமிராமல் இரண்டு குடும்பம் என்று எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு சின்னவள், "அக்கா, நான் சும்மா... நீங்கதானே கத்தச் சொன்னீங்க" என்றாள்.

"பின்னே? பிரமாதமா நடிச்ச. நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்" என்று அக்கா சிரித்தாள். முகாமுக்குப் போய் எல்லாருக்கும் அதை நடித்தே காட்டினாள். சின்னவள் விழித்த விழி, அதிகாரி பேனாவை மூடியது, எல்லாம். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசி வார்த்தைகளை மட்டும் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுச் சொன்னாள். அந்தக் கதையை அவள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருக்கும்.

வீடு கட்டி முடிகிற வரைக்கும் தகர ஷெட்டில் இருக்கச் சொன்னார்கள். சோதனைக்கு எப்போது வேண்டுமானாலும் ஆள் வரலாம் என்பதால் இரண்டு ஷெட், இரண்டு அடுப்பு. வாலுவும் அம்மாவோடு படுக்க வேண்டியதாயிற்று. முதல் நாட்களில் அவள் அழுகை அக்காவின் ஷெட்டுக்குக் கேட்கும். அக்கா எழுந்து உட்காருவாளாம், அத்தான் கையைப் பிடித்துக்கொள்வாராம். அத்தான் எனக்கு இதைச் சொன்னபோது கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஒருநாள் சின்னவளின் ஷெட்டுக்கு ஒரு ரவிக்கை கொடுக்கப் போனேன். அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். சோறு குழைந்துதான் போயிருந்தது. வாலு அதைத் தட்டில் பரப்பி, ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வேணுமாடா? இன்னும் வேணுமா?" என்று சின்னவள் கேட்டுக் கேட்டுப் போட்டாள். அவள் பாடி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவளுக்குப் பாட வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். "பழகட்டும்டி, நல்லதுதானே. சுவரை இடிச்சப்புறம் எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள். சுவரை இடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே இல்லை. எங்கே வாசல் வைப்பது, எந்தச் சமையலறையை வைத்துக்கொள்வது, வாலு படிக்க எந்த மூலையில் மேஜை போடுவது என்று எல்லாமே தீர்மானமாகியிருந்தது.

சாவி கொடுக்கிற விழாவுக்குப் பந்தல் போட்டு, மைக் கட்டி, பெரிய மனிதர்கள் வந்து பேசினார்கள். அக்காவின் அதிர்ஷ்டம், கேட்டபடியே பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு செங்கல் கனத்துக்குச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். சாமான்களை ஏற்றி முடித்த சில நாட்களிலேயே அக்கா கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, கரித்துண்டால் வாசல் அளவுக்குக் கோடு இழுத்தார். நானும் வேடிக்கை பார்க்க நின்றேன்.

சின்னவள் சத்தம் கேட்டு வந்தாள். "அக்கா, இடிச்சா வீட்டைத் திருப்பி எடுத்துக்குவாங்களாம்" என்றாள்.

"அதெல்லாம் கேட்டுட்டேன். கூரை பாரம் இந்தச் சுவத்துல இல்லையாம். இன்ஜினியரே சொன்னாரு."

"தூசி பறக்கும். பிள்ளைக்கு ஒத்துக்காது."

"ஒரு நாள் தூசிதானே. நான் ஈரத்துணி போட்டுத் துடைச்சுடுறேன்."

சின்னவளுக்குச் சொல்ல வேறு சாக்கு இல்லை. தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கு வேணாம்கா."

அக்கா கொழுந்தனைப் பார்த்தாள். அவள் தலை வாரிவிட்ட பையன். வாசலில் பெயிண்ட் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தான். "அவ இஷ்டம் அண்ணி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் சொல்லிவிட்டான்.

சின்னவளை அறைந்துவிடலாமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் அக்காவின் சோற்றைத் தின்று வளர்ந்த குடும்பம் இல்லையா? அப்புறம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். கையை ஓங்க மனசு வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கணக்கை என்னால் தீர்க்க முடியவில்லை. ஒருத்தி பக்கம் நியாயம் என்று சொன்னால் இன்னொருத்தி முகம் வந்து நிற்கிறது.

அக்கா கொத்தனாரிடம், "பிறகு சொல்லி அனுப்புறேங்க" என்றாள். அவர் போன பிறகு ஈரத்துணியால் கரிக்கோட்டைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தும் போகவில்லை. கொழுந்தன் வந்து அதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போனான்.

சண்டை ஒன்றும் இல்லை. அதை எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். சின்னவள் எது செய்தாலும் ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவாள், அக்காவும் அனுப்புவாள். காய்ச்சல் தலைவலி என்றால் ஓடி வருவார்கள். அக்கா வேலைக்குப் போகிறாள், துணி மடிக்கிறாள், போர்வைக்குப் பொய் சொல்கிறாள். வீட்டைப் பற்றி யாராவது கேட்டால், "அரசாங்கம் நல்லா கட்டிக் குடுத்திருக்கு, ஒழுகலை" என்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது, எல்லாரும் கடைக்குப் போயிருந்தார்கள். வாலு மட்டும் தெருவில் விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தும் வாசலில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே வந்து சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்க் குடம் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"பெரியம்மா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

அக்காவின் கை பாத்திரத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது. "எடுத்துக்கோம்மா" என்றாள்.

வாலு குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "தேங்க்ஸ் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

அக்கா குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லா வளக்குறாடி" என்றாள்.